வளையம் மட்டத்தில் உட்காருமா?

ரூட்டர் மேசையில் ஒரு பீடிங் பட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். பிட்டை நெருங்கும் நேரத்தில் மரம் ஒரு கணம் தயங்குகிறது. கை தானாகக் கொஞ்சம் அழுத்தம் கொடுக்க, ‘டக்’கென்று எதையோ ஏறிக் கடந்துவிடுகிறது. பட்டியைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கருகல், பக்கத்திலேயே விரலுக்குத் தட்டுப்படும் ஒரு படி. பிட் மழுங்கிவிட்டது என்று புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், மேசையின் நடுவில் இருக்கும் வளையத்தின் மேல் விரல் நகத்தை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ரூட்டரைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. நிமிடத்துக்கு 8,000 முதல் 24,000 சுற்று வரை சுழலும் ஒரு மோட்டார். அதன் முனையில் வெட்டும் பிட். தச்சர்கள் இதைக் கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவார்கள். விளிம்பு உருட்டலாம், காடி எடுக்கலாம், பூவேலையும் செய்யலாம். சின்னத் துண்டுகளையும் நீளப் பட்டிகளையும் அப்படிச் செய்வது சிரமம். அதனால் மெஷினைத் தலைகீழாக மேசைக்கு அடியில் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்க, மரத்தை அதை நோக்கித் தள்ளுகிறார்கள். மெஷினைச் சுமப்பது மேசையில் பதித்த ஒரு பிளேட். பரவலாகக் கிடைப்பது 235 × 298 மி.மீ. அளவு, அலுமினியம் என்றால் பெரும்பாலும் 9.5 மி.மீ. தடிப்பு. (அமெரிக்க அங்குலக் கணக்கில் ஒன்பதேகாலுக்குப் பதினொன்றேமுக்கால். எண்கள் இப்படி முரண்டு பிடிப்பதற்கு அதுதான் காரணம்.) பிளேட்டின் நடுவே பெரிய பிட்டும் நுழையும்படி 90, 100 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை. சின்ன பிட் போடும்போது அவ்வளவு பெரிய வாய் திறந்திருந்தால் மரத்துண்டின் முனை உள்ளே கவிழ்ந்துவிடும். வாயைச் சுருக்கத்தான் வளையங்கள். துளையின் விளிம்பில் வெட்டியிருக்கும் ஒரு படியில் அவை உட்காரும். பிட்டுக்குத் தகுந்தபடி வளையத்தை மாற்றிக்கொள்ளலாம்.

வளையத்தின் மேல்பரப்பும் பிளேட்டின் மேல்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் பெட்டியைப் பிரித்து வளையத்தைப் போட்டதுமே அப்படி உட்கார்ந்துவிடுவது அபூர்வம்.

ஒரு 0.1 மி.மீ. கூடக்குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும்? ஏ4 தாள் ஒன்றின் தடிப்பு அவ்வளவுதானே. நம் மரப்பட்டறைகளில் பேச்சே நூல் கணக்கில். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். அதில் முப்பதில் ஒரு பங்கை யார் கவனிக்கப்போகிறார்கள்?

பிட் கவனிக்கும். நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300. பிட்டில் இரண்டு வெட்டு விளிம்புகள் இருந்தால் நொடிக்கு 600 வெட்டு. மரத்தை நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் தள்ளினால் ஒவ்வொரு வெட்டுக்கும் பிட்டுக்குக் கிடைக்கும் தீனி சுமார் 0.08 மி.மீ. படியின் உயரமும் சீவலின் தடிப்பும் வெவ்வேறு திசை அளவுகள்தான். ஆனாலும் இந்த மெஷின் எந்த அளவில் வேலை செய்கிறது என்பது இதில் தெரிந்துவிடும். நமக்கு அற்பமாகத் தெரியும் 0.1 மி.மீ., பிட் ஒரு கடிக்கு எடுப்பதைவிடப் பெரிது.

மரத்தின் முன்முனை வளையத்தின் விளிம்பில் முட்டி அரை நொடி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நொடியில் பிட் 300 முறை ஒரே இடத்தைத் தேய்க்கிறது. புதிதாக வெட்ட மரம் இல்லை. எனவே தேய்ப்பின் ஆற்றல் முழுவதும் சூடாகிறது. சாதாரணமாக அந்தச் சூட்டில் பெரும்பங்கைச் சீவல்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். சீவலே விழாதபோது சூடு மரத்திலேயே தங்கிக் கருகுகிறது. செரி, மேப்பிள் போன்ற மரங்கள் இந்த விஷயத்தில் ரொம்பவே கோபக்காரர்கள். இதைவிட மோசமானது அடுத்த கணம். நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகரும் பொருளை நகர்த்திக்கொண்டே போகத் தேவையானதைவிட அதிகம். தடை விலகியதும் கையில் சேர்ந்திருந்த கூடுதல் அழுத்தம் மரத்தைப் பிட்டுக்குள் தூக்கி எறிகிறது. பிட் ஒரே கடியில் அளவுக்கு மீறி எடுக்கிறது. மரம் பிய்த்துக்கொண்டு வரும். பெரிய பிட்டாக இருந்தால் மெஷின் உதைக்கும். 75 மி.மீ. விட்டமுள்ள பிட்டின் ஓரம், 12,000 சுற்றிலேயே மணிக்கு சுமார் 170 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அவ்வளவு பெரிய பிட்டை அதற்கு மேல் சுற்றவிடக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை.

வளையம் உயர்ந்திருந்தால் மரமும் அந்த அளவு தூக்கப்படும். வெட்டின் உயரம் மாறும். அலமாரி ஷட்டருக்கு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சட்டங்களைச் செய்யும்போது இது பளிச்சென்று தெரியும். ஒட்டி முடித்தபின் இணைப்பில் ஒரு படி நிற்கும். கட்டை மரம் என்றால் உப்புத்தாள் போட்டுச் சரிசெய்துவிடலாம். மேலே ஒட்டிய வெனீர் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் பிளைவுட்டில் அப்படித் தேய்த்தால் அடுத்த அடுக்கு வெளியே வந்துவிடும்.

தாழ்ந்திருந்தால்? நீளமான பட்டி பள்ளத்தைக் கவனிக்காமல் இரு கரையையும் தொட்டுக்கொண்டு போய்விடும். குட்டையான துண்டு உள்ளே சாய்ந்து, எதிர்க்கரையில் முட்டும். இரண்டும் தவறுதான். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு முடியளவு தாழ்ந்திருப்பதே மேல் என்பேன். உயர்ந்த வளையம் ஒவ்வொரு மரத்தையும் தொந்தரவு செய்யும். தாழ்ந்த வளையம் குட்டைத் துண்டுகளை மட்டும்.

எது உயரம், எது தாழ்வு என்பதை அறிய விரல் நகம் போதும். நகத்தை பிளேட்டிலிருந்து வளையத்தை நோக்கி இழுங்கள். மாட்டினால் வளையம் உயரம். வளையத்திலிருந்து பிளேட்டை நோக்கி இழுக்கும்போது மாட்டினால் வளையம் தாழ்வு. சுற்றிலும் ஆறேழு இடத்தில் இப்படிச் செய்யுங்கள். ஒரு பக்கம் ஏறியும் எதிர்ப்பக்கம் இறங்கியும் இருந்தால் வளையம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணைவிட விரலை இங்கே நம்பலாம். ஸ்டாக்ஹோமில் உள்ள கேடிஎச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகள் கொண்ட பரப்பையும் வழவழப்பான பரப்பையும் விரலால் தடவியே மனிதர்களால் பிரித்தறிய முடிந்தது. 0.1 மி.மீ.யில் ஏழாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் இது தெரியாது, நகர்த்த வேண்டும். நகரும்போது எழும் நுண்ணிய அதிர்வுகளைத்தான் தோலுக்கடியில் உள்ள உணர்விகள் பிடிக்கின்றன.

சரி, நல்ல விலை கொடுத்து வாங்கிய பிளேட்டில் வளையம் ஏன் மட்டத்தில் உட்காருவதில்லை?

முதல் காரணம் கூட்டல் கணக்கு. வளையத்தின் தடிப்பு ஓர் அளவு. பிளேட்டில் படியின் ஆழம் இன்னோர் அளவு. இரண்டிலும் தயாரிப்பாளர் 0.05 மி.மீ. கூடக்குறைய அனுமதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தடித்த வளையமும் ஆழம் குறைந்த படியும் ஒன்று சேர்ந்தால் 0.1 மி.மீ. மேடு. அலுமினியத்துக்கு நிறமேற்றும் ஆனோடைசிங் பூச்சும் கணக்கில் வரும். அது உலோகத்தையே ஆக்ஸைடாக மாற்றி வளர்வது. அதன் தடிப்பில் ஒரு பகுதி உள்ளே போகும். மூன்றில் ஒன்று முதல் பாதி வரை வெளியே வளரும். சில மைக்ரான்தான், ஆனாலும் கூட்டலில் சேரும். ஒரே பெட்டியில் வரும் வளையங்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று பிசகியும் உட்காருவதற்கு வேறு மர்மம் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாதது. எனக்கு இதுதான் சுவாரசியம். படியை வெட்டும், கணினி இயக்கும் சிஎன்சி மெஷினின் கட்டருக்கு முனை கூர்மையாக இருக்காது. நுண்ணிய வளைவு இருக்கும். எனவே படியின் தரையும் சுவரும் சேரும் மூலை சரியான செங்கோணமாக அமையாது. அங்கே ஒரு சிறு வளைவு தங்கிவிடும். வளையத்தின் அடிவிளிம்போ கூர்மையாக இருக்கிறது. வளையம் தரையைத் தொடுவதற்கு முன்பே அதன் கூர்விளிம்பு அந்த மூலை வளைவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மூலை வளைவின் ஆரம் 0.4 மி.மீ., வளையத்துக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி 0.1 மி.மீ. என்றால், வளையம் தரையிலிருந்து சுமார் 0.14 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும். வடிவியல் தெரிந்தவர்கள் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து பிதாகரஸைக் கூப்பிட்டால் இது வந்துவிடும். மருந்து மிக எளிது: வளையத்தின் அடிவிளிம்பை அரத்தாலோ உப்புத்தாளாலோ அரை மில்லிமீட்டர் சாய்த்துவிடுவது. படியின் அடியைக் கூட்டிப் பெருக்கி, வளையத்தை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மரத்தூள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படியின் மூலையில் அடைந்து இறுகிய தூள் ஒரு பக்கத்தைத் தூக்கும். காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் எஃகு வளையங்களில் தொல்லை இரட்டிப்பு; தூள் வளையத்தைத் தூக்குவதோடு காந்தத்துக்கும் எஃகுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கிப் பிடிப்பையும் குறைத்துவிடும். இடைவெளி கூடக்கூடக் காந்தப் பிடிப்பு வேகமாகச் சரியும். பழைய டூத் பிரஷ் ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, சூடு. பல வளையங்கள் அசிடால் போன்ற பிளாஸ்டிக்கில் செய்யப்படுகின்றன. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அசிடால் மீட்டருக்குச் சுமார் 110 மைக்ரான் நீளும். அலுமினியம் 23 மைக்ரான்தான். 98 மி.மீ. விட்டமுள்ள வளையம் 20 டிகிரி சூடேறினால் அது சுமார் 0.22 மி.மீ. விரியும், அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியத் துளை 0.05 மி.மீ.க்கும் குறைவாகவே விரியும். மீதி 0.17 மி.மீ.க்கு இடம் எங்கே? காலையில் இறுக்கமாகப் பொருந்திய வளையம், இரண்டு மணி நேரம் மெஷின் ஓடியபின் ஓரங்களில் நெருக்குண்டு நடுவில் புடைக்கும். இரு முனைகளிலும் அடைபட்ட 100 மி.மீ. மெல்லிய பட்டை ஒன்று வெறும் 0.02 மி.மீ. நீண்டாலே, வளைந்து கொடுக்கும் பட்சத்தில் நடுவில் 0.8 மி.மீ.க்கும் அதிகமாக மேடு தட்டும். தடித்த வளையம் உடனே அப்படி வளையாது. ஓரளவு நெருக்கத்தை உள்ளுக்குள் தாங்கிக்கொள்ளும். எல்லை தாண்டினால் புடைப்பு. ஆகவே பிளாஸ்டிக் வளையம் துளையில் கொஞ்சம் தளர்வாகவே இருக்க வேண்டும். அடித்து இறக்கும்படி இருப்பது நல்ல பொருத்தம் என்று நினைப்பது தவறு.

இவ்வளவு சொன்னபின், எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று எழுகிறது. வளையம் எதோடு மட்டமாக இருக்க வேண்டும்? பிளேட்டோடு. பிளேட் மட்டம்தானா? ஸ்கேலை வைத்துப் பார்க்கிறோம். ஸ்கேல் நேர்தானா? அதை எதை வைத்துப் பார்ப்பது?

இந்தச் சங்கிலிக்கு முற்றுப்புள்ளி வைக்கும் வழி ஒன்று உண்டு. அதை உலகறியச் சொன்னவர் ஜோசப் விட்வொர்த். நம் பழைய லேத் பட்டறைகளில் இன்றும் வழங்கும் பி.எஸ்.டபிள்யூ. மரையில் இருக்கும் ‘டபிள்யூ’ இவர்தான். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1840இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில், உண்மையான சமதளத்தை உண்டாக்குவது எப்படி என்று ஒரு கட்டுரை வாசித்தார். முறை இதுதான். இரண்டு இரும்புத் தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, உயர்ந்த இடங்களைச் சுரண்டிக்கொண்டே வந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவதால் மட்டும் அவை சமதளம் என்று சொல்ல முடியாது. ஒன்று லேசாகக் குவிந்தும் மற்றொன்று அதே அளவு குழிந்தும் இருந்தாலும் பொருந்தும். மூன்றாவது தட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள். முதலாவதோடு பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் இரண்டுமே குழிந்திருக்கும். அவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நடுவில் இடைவெளி விழுந்து குட்டு உடைந்துவிடும். மூன்றையும் மாற்றி மாற்றி இணைத்துச் சுரண்டினால், மூன்றும் மூன்றோடும் பொருந்தும் நிலை ஒன்றே ஒன்றுதான்: மூன்றுமே சமதளம். முன்மாதிரி எதுவும் இல்லாமல் வெறும் தர்க்கத்திலிருந்து ஒரு தளம் பிறக்கிறது. இயந்திரவியலில் இதைவிட அழகான யோசனை ஒன்றை நான் படித்ததில்லை.

நாம் வீட்டில் மூன்று தட்டு சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. தடிப்பில் ஒரு முழ நீளத் துண்டு வாங்கினால் போதும். இன்றைய ஜன்னல் கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு உறையவைக்கப்படுவது. இங்கிலாந்தின் அலஸ்டேர் பில்கிங்டன் உருவாக்கி 1959இல் அறிவிக்கப்பட்ட முறை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலை 2000 முதல் இப்படித்தான் கண்ணாடி செய்கிறது. திரவத்தின் மேல் மிதந்து உருவானதால் அதன் பரப்பு நம் வேலைக்குத் தேவையானதைவிட மட்டமாகவே இருக்கும். உங்கள் ஸ்கேலின் விளிம்பை அதன்மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் ஒழுகினால் அந்த ஸ்கேலை அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் பார்க்க வேறு வாங்குங்கள். கூர்விளிம்பும் நல்ல வெளிச்சமும் இருந்தால் சில மைக்ரான் இடைவெளியைக்கூடக் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பிளேட். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அடங்கும். நான்காவது அடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிளேட்டின் நான்கு மூலைகளிலும் உயரம் சரிசெய்யக் கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) இருக்கும். முதலில் மூன்றை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, நான்காவதைத் தொட்டும் தொடாமலும் ஏற்றி ஆட்டம் நின்றதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திருகினால் பிளேட் முறுக்கிக்கொள்ளும். மேசை எம்.டி.எஃப். பலகை என்றால் ஸ்குரூ முனை நாளடைவில் அதில் புதையும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துப் பலகை தடிக்கும். முனைக்கு அடியில் சிறு எஃகு வாஷர் ஒன்றை ஒட்டிவைத்தால் புதைவது நிற்கும். ஈரத்துக்கு மருந்து, பலகையின் வெட்டுமுகங்களில் வார்னிஷ் அடிப்பதுதான்.

இதையெல்லாம் மெஷினைத் தொங்கவிட்ட பிறகே செய்ய வேண்டும். பலர் பளபளப்பான பிளேட்டை மட்டும் வைத்து மட்டம் பார்த்துவிட்டு, கடைசியில் ரூட்டரை மாட்டுகிறார்கள். 6 கிலோ மெஷின் நடுவில் தொங்கும்போது, நான்கு ஓரமும் தாங்கப்பட்ட 9.5 மி.மீ. அலுமினிய பிளேட் சுமார் 0.01 மி.மீ. தொய்யும். நடுத்துளையையும் மூலைகளில் மட்டும் தாங்குவதையும் சேர்த்தால் இன்னும் கூடும்; என்றாலும் கவலையில்லை. அதே தடிப்பில் பினாலிக் என்ற பிசின் பலகையில் செய்த பிளேட் 0.07 மி.மீ. அளவுக்குத் தொய்யும். 6 மி.மீ. அக்ரிலிக் துண்டில் சொந்தமாகச் செய்த பிளேட் 0.7 மி.மீ. இறங்கும். அத்தோடும் நிற்காது, அக்ரிலிக் சுமை இருக்கும்வரை மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டேயிருக்கும். தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு என்பதால், அக்ரிலிக்தான் கையில் இருக்கிறது என்றால் 12 மி.மீ. தேடுங்கள். மெஷின் சுமையில் தொய்வதை எதிர்பார்த்து நடுவில் கடுகளவு மேடாகவே பிளேட்டை வார்க்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. புது பிளேட்டில் ஸ்கேலை வைத்ததும் அது நடுவில் மேடு தட்டினால் சண்டைக்குப் போகாமல் மெஷினை மாட்டிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

மேசை, பிளேட் என்ற இந்த வரிசையில் கடைசி ஆள்தான் வளையம். உயரம் மாற்றும் ஸ்குரூக்கள் கொண்ட வளையமென்றால் மூன்று புள்ளி விதியே இங்கும். ஸ்குரூ இல்லாத வளையம் தாழ்ந்திருந்தால் படியில் மூன்று இடங்களில், சம தூரத்தில், செல்லோ டேப் ஒட்டுங்கள். ஓர் அடுக்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. ஏற்றும். நிரந்தரமாக வேண்டுமென்றால் அந்த மூன்று இடத்திலும் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்தபின் அரத்தால் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே வரலாம். உயர்ந்திருந்தால், முதலில் அடிவிளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால், கண்ணாடித் துண்டின் மேல் 220ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, வளையத்தின் அடிப்பக்கத்தை எட்டு வடிவில் தேய்க்கலாம். மேல்பக்கத்தைத் தொட வேண்டாம். திருகுகளால் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையமென்றால் பலம் கொண்ட மட்டும் இறுக்காதீர்கள். திருகு இருக்கும் இடம் இறங்கி, இரு திருகுகளுக்கு நடுவில் ஏறிக்கொள்ளும். நகம் அதையும் சொல்லிவிடும்.

எல்லாம் முடிந்தபின் வளையத்தின் மேல்விளிம்பிலும் பிளேட் துளையின் மேல்விளிம்பிலும் நயமான உப்புத்தாளால் ஒரு முறை ஓட்டி, கூர்மையை மழுக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நூறில் ஒரு மில்லிமீட்டரை இந்தச் சாய்வு விழுங்கிவிடும். ஃபென்ஸ் (மரத்தை நேராக வழிநடத்தும் தடுப்புப் பட்டை) இல்லாமல், பேரிங் வைத்த பிட்டில் வளைவான துண்டுகளைச் சுற்றி ஓட்டுகிறவர்களுக்கு இது மிக அவசியம். அங்கே மரம் எல்லாத் திசையிலிருந்தும் வளையத்தின் மேல் ஏறி இறங்கும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: தடித்த பிளேட்டும், உயரம் மாற்றும் ஸ்குரூ கொண்ட வளையங்களும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நிறம், பொறித்த அளவுகோல், கூடவே வரும் பத்துப் பன்னிரண்டு வளையங்கள் எல்லாம் அப்புறம். பெரும்பாலான வேலைக்கு மூன்று வளையங்களே போதும். அவற்றைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.